கழுத்தில் வலியே இல்லை, விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை: காரணம் கழுத்தாக இருக்க முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். அப்பாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. ஒரு வருடமாகச் சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறார், சில்லறை விரல் நடுவே நழுவுகிறது, கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை. முதலில் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றார்கள். அப்புறம் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார்கள். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், கழுத்தில் சி5-சி6 மட்டத்தில், அதாவது ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே, தண்டுவடக் கால்வாய் 8 மில்லிமீட்டருக்குச் சுருங்கி, தண்டுவடம் அழுந்தியிருக்கிறது. கழுத்தில் வலி துளியும் இல்லை. "வலிக்காத கழுத்து எப்படிக் கையைக் கெடுக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் இருக்கிறது: "பயிற்சி செய்து கொஞ்ச நாள் பார்க்கலாமா?" உங்களுக்கு உண்மையில் வேண்டிய பதில் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதை முடிவு செய்ய முடியாது, அதனால் வரிசையாகவே போகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பிசியோதெரபிஸ்ட். நரம்பு பாதித்தவர்களின் கைப் பயிற்சிதான் பல வருடங்களாக என் வேலை. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இந்தக் கைகளைப் பார்க்கிறேன், கத்தி பிடிக்கிறவன் அல்ல. உங்கள் அப்பாவின் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. கீழே சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுத்தில் தண்டுவடம் ஓடும் கால்வாய், முன்னிருந்து பின்னாக அளந்தால் நல்ல நிலையில் சுமார் 17, 18 மில்லிமீட்டர் இருக்கும். தண்டுவடம் அதே திசையில் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். மிச்ச இடத்தில் உறைகளும், தண்டுவடத்தைச் சுற்றி நிற்கும் நீரும் இருக்கின்றன. கால்வாய் 13 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் குறுகல் என்பார்கள், 10-க்குக் கீழே வந்தால் கடுமையான குறுகல். அப்பாவுக்கு 8 என்றால் நீர் நிற்கவே இடமில்லை, தண்டுவடமும் எலும்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இது ஒரே நாளில் நடப்பதில்லை. வயதாக ஆக, எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் வற்றிப் பின்பக்கம் பிதுங்கும், அதன் விளிம்பில் எலும்பு முள்ளாக வளரும், பின்னாலிருக்கும் தசைநார் தடித்து உள்ளே மடியும். சிலருக்கு முதுகெலும்பின் பின்விளிம்பை ஒட்டி ஓடும் தசைநாரே எலும்பாக இறுகிவிடுவதும் உண்டு. பிறப்பிலேயே கால்வாய் கொஞ்சம் சிறியதாக அமைந்தவர்களுக்கு இதெல்லாம் சற்று முன்னதாகவே தொந்தரவாகிவிடும்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கழுத்தில் அழுந்துவது தண்டுவடத்திலிருந்து பிரிந்து கைக்குப் போகும் நரம்பு வேராகவும் இருக்கலாம், தண்டுவடமாகவும் இருக்கலாம். வேர் அழுந்துவது வீட்டுக்கு வரும் ஒயர் கோளாறு, தண்டுவடம் அழுந்துவது தெருவுக்கே வரும் மெயின் லைன் கோளாறு. வேர் அழுந்தினால் சும்மா இருக்காது. கழுத்திலிருந்து தோள், முழங்கை, ஒன்றிரண்டு விரல்கள் வரை சுள்ளென்று இழுக்கும், தூங்க விடாது. ஆறாவது வேர் என்றால் கட்டைவிரல் பக்கம், ஏழாவது என்றால் நடுவிரல், எட்டாவது என்றால் சுண்டுவிரல் பக்கம். நோயாளியே கோடு போட்டுக் காட்டிவிடுவார். தண்டுவடத்துக்கோ தன்மேல் விழும் அழுத்தத்தை வலியாகச் சொல்லும் ஏற்பாடு இல்லை. அது சத்தமில்லாமல் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வலி இல்லை என்பது இந்த நோயில் ஆறுதலான செய்தி அல்ல. வலியோடு வருகிறவர்கள் சீக்கிரம் ஸ்கேன் வரை போய்விடுகிறார்கள். வலியில்லாமல் கை மட்டும் மந்தமானவர்கள்தான் ஒவ்வொரு வாசலாக அலைகிறார்கள். இந்த நோயை அடையாளம் காணச் சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. உங்கள் அப்பாவுக்கு ஒரு வருடத்தில் தெரிந்திருக்கிறது. அந்த வகையில் பரவாயில்லை.

சரி, கைக்கு வருவோம். நாம் நினைப்பதைவிடக் கை மிகவும் செலவு பிடிக்கிற உறுப்பு. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் முக்கியமான இயக்கப் பாதையில், விரல்களை ஆட்டும் நரம்பணுக்களை நேரடியாகப் போய்த் தொடும் இழைகள் இருக்கின்றன. மனிதனிடமும் குரங்கினத்திலும் அவை நன்றாக வளர்ந்திருக்கின்றன. ஒரு விரலை மட்டும் தனியாக மடக்க, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நுனியோடு நுனி சேர்க்க, அந்த இழைகள் வேண்டும். 1968-ல் லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இருவர் குரங்குகளில் இந்தப் பாதையை இரு பக்கமும் துண்டித்துப் பார்த்தார்கள். அவை மறுபடி நடந்தன, ஏறின, கம்பியைப் பிடித்துத் தொங்கின. விரல்களைத் தனித்தனியாக இயக்கும் திறமை மட்டும் திரும்பவே இல்லை. கழுத்துக் குறுகல் அந்த அளவுக்கு எல்லாவற்றையும் அறுத்துவிடுவதில்லை, ஆனால் கெடும் விதம் அதே சாயலில்தான் இருக்கும். முழுக் கையாலும் இறுக்கிப் பிடிப்பதற்கு வேறு பாதைகளும் உதவிக்கு வரும். பொத்தானுக்கு அவை உதவாது. "கை குலுக்கும்போது பலமாகத்தானே பிடிக்கிறார், அப்புறம் எப்படி?" என்று வீட்டில் கேட்பதற்குப் பதில் இதுதான். பலம் வேறு, லாவகம் வேறு.

இரண்டாவது பாதிப்பு மேலே ஏறும் பாதையில். தண்டுவடத்தின் பின்பகுதியில் ஓடும் இழைகள், விரல் எங்கே எந்தக் கோணத்தில் இருக்கிறது, கையில் இருப்பது வழவழப்பா சொரசொரப்பா என்ற செய்திகளை மூளைக்குக் கொண்டுபோகின்றன. இது மங்கும்போது கை முழுவதும் மரத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. "உறை போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரி இருக்கிறது" என்பார்கள். அப்பாவிடம் ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, ஒரு சாவி, ஒரு நாணயம், ஒரு ரப்பர் பேண்ட் என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து என்னவென்று கேளுங்கள். தொட்டது தெரியும், என்னவென்று தெரியாது. விரல்கள் அந்தப் பொருளை உருட்டிப் பார்க்கவே தயங்கும். சில்லறை நழுவுவதற்கு இதுவும் காரணம். பிடியின் இறுக்கத்தை நொடிக்கு நொடி சரிசெய்ய விரல் நுனியிலிருந்து செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும். அது வராததால், கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தால் ஓரளவு முடிகிறது, பார்க்காமல் சட்டைப் பைக்குள் கைவிட்டால் முடிவதில்லை.

மூன்றாவது, அழுத்தம் விழுந்த அதே மட்டத்தில் இருக்கும் நரம்பணுக்கள் சிதைவது. தண்டுவடத்தின் நடுவிலுள்ள சாம்பல் நிறப் பகுதி அழுத்தத்துக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். அந்த அணுக்கள் போனால் அவை ஓட்டிய தசை மெலியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம் பள்ளம் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்தால், அந்தச் சதை திரும்ப வளரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இந்த மூன்றில் எது எவ்வளவு என்பது அழுத்தம் எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் என்பதைப் பொறுத்தது. எண் கணக்கு இங்கே ஏமாற்றும். தண்டுவடத்தின் பகுதிகள் எலும்புகளுக்கு நேராக இருப்பதில்லை, சற்று மேலே தள்ளி இருக்கும். சி5-சி6 டிஸ்குக்குப் பின்னால் இருப்பது கிட்டத்தட்ட ஏழாவது பகுதி. அதே டிஸ்க் வேரை அழுத்தினால் பாதிக்கப்படுவது ஆறாவது வேர். அதற்கும் மேலே, சி3-சி4-ல் அழுந்தினால்கூட, இரண்டு கைகளிலும் ஐந்து விரல்களும் மதமதவென்று ஆகி, விரல்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். "கைக்குப் போகும் நரம்பு இந்த இடத்தில் இல்லையே" என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். நீளப் பாதைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன.

அழுத்தம் எப்படித் தண்டுவடத்தைக் கெடுக்கிறது என்பதில் எல்லாமே தீர்ந்துபோன விஷயம் அல்ல. நேரடியாக நசுங்குவது உறுதி. கழுத்தை அண்ணாந்தால் பின்பக்கத் தசைநார் மடிந்து கால்வாய் இன்னும் சுருங்குவதும், குனிந்தால் முன்னாலிருக்கும் எலும்பு முள்மேல் தண்டுவடம் இழுபடுவதும் உறுதி. அசையாமல் படுத்த நிலையில் எடுக்கும் ஸ்கேனில் இந்த அசைவின் சேதம் தெரியாது. இரத்த ஓட்டம் குறைவதற்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதேபோல, கீழே விழுந்து கழுத்து சடாரென்று பின்னால் வளைந்தால், குறுகல் உள்ளவர்களுக்கு எலும்பு முறியாமலேயே கைகள் இரண்டும் செயலிழந்து, கால்கள் ஓரளவு தப்பிப்பது உண்டு. 1954-ல் ஷ்னைடர் இதை விவரித்தார். கைக்கான இழைகள் தண்டுவடத்தின் உள்பக்கமாக ஓடுவதால் அவை முதலில் அடிபடுகின்றன என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். அந்த அடுக்கு வரிசைக்கு மனிதனிடம் உறுதியான ஆதாரம் இல்லை என்பது இப்போதைய எண்ணம். அந்தப் பாதையையே கை அதிகம் நம்பியிருக்கிறது, அதனால் அது அடிபட்டால் கைதான் முதலில் காட்டிக்கொடுக்கிறது என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இப்போது பரிசோதனை. 1987-ல் ஜப்பானில் ஓனோவும் கூட்டாளிகளும் இந்தக் கைக்கு ஒரு தனி அடையாளமே கொடுத்தார்கள். இரண்டு சோதனைகள், எந்தக் கருவியும் வேண்டாம். முதலாவது, உள்ளங்கை கீழ்நோக்க, விரல்களை நேராக நீட்டி ஒன்றோடொன்று ஒட்டி வைக்கச் சொல்வது. பாதித்த கையில் சுண்டுவிரல் மெல்லத் தனியே விலகிப் போகும், சேர்த்து வைக்கச் சொன்னால் ஒரு கணம் சேர்ந்து மறுபடி விலகும். மோசமான கையில் மோதிர விரலும் கூடவே போகும், நேராக நீட்டவும் வராது. இரண்டாவது, 10 நொடியில் கையை எத்தனை முறை முழுதாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணுவது. நல்ல கை 20 முறைக்கு மேல் செய்துவிடும். எண்ணிக்கையைவிட எப்படிச் செய்கிறார் என்பதில்தான் எனக்குக் கண். விரலைத் திறக்க வராமல் மணிக்கட்டை மடக்கி, அந்த இழுப்பில் விரல்களைத் திறப்பார்கள். தாங்கள் அப்படிச் செய்வதே அவர்களுக்குத் தெரியாது. இதை வீட்டிலேயே செல்போனில் வீடியோ எடுங்கள், தேதியோடு. மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே மாதிரி. கூடவே ஒரு தாளில் நான்கு வரி எழுதச் சொல்லி அதையும் வைத்துக்கொள்ளுங்கள். "போன மாதத்தைவிட மோசமா?" என்று மருத்துவர் கேட்கும்போது, ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்கிற குடும்பங்கள் பெரும்பாலும் "அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்லிவிடுகின்றன.

மருத்துவர் செய்ய வேண்டியவை வேறு. நடுவிரல் நகத்தைச் சுண்டும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக மடங்குகிறதா, முழங்காலில் தட்டினால் கால் அளவுக்கு மீறி எகிறுகிறதா, பாதத்தின் அடியில் கீறினால் பெருவிரல் மேலே போகிறதா, ஒரே கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. விரல் மடங்கும் குறி நன்றாக இருக்கிற சிலரிடமும் தென்படும், நோய் உள்ள சிலரிடம் தென்படாது. உங்கள் கேள்வியில் அப்பாவின் நடை பற்றி ஒரு வரிகூட இல்லை. கவனித்துப் பாருங்கள். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறாரா, இருட்டில் தடுமாறுகிறாரா, கால் விறைப்பாக இருக்கிறது என்கிறாரா? கையும் காலும் சேர்ந்து தடுமாறினால் கழுத்து என்ற சந்தேகம் பல மடங்கு வலுக்கும். மணிக்கட்டுக் கோளாறு காலைத் தொடாது.

முதலில் சொன்ன இரண்டு காரணங்களையும் அபத்தம் என்று தள்ள மாட்டேன். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு நீளமான நரம்புகளில் தொடங்கும். பாதத்தில் எரிச்சல், மரப்பு, பிறகு மெல்ல மேலே ஏறி, முழங்காலை நெருங்கும்போதுதான் விரல் நுனிகளுக்கு வரும். கை முதலில், கால் பிறகு என்றால் சர்க்கரையின் வழக்கம் அதுவல்ல. ஆனால் இரண்டும் ஒருவரிடமே இருந்தால் சிக்கல். தண்டுவடம் அழுந்தினால் எகிற வேண்டிய முழங்கால் எதிர்வினையைச் சர்க்கரை அடக்கிவிடும், பரிசோதிக்கிறவர் ஏமாந்துபோவார். மணிக்கட்டில் அழுந்தும் நரம்பு, கட்டைவிரல் தொடங்கி மோதிர விரலின் பாதி வரைதான் தொல்லை தரும், சுண்டுவிரலை விட்டுவிடும். இரவில் எழுப்பும், கையை உதறினால் கொஞ்சம் தணியும். அதுவும் கழுத்தும் சேர்ந்தே இருப்பவர்கள் உண்டு. மேலே ஒரு இடத்தில் அழுந்திய நரம்பு கீழே இன்னொரு இடத்தில் எளிதில் பழுதாகும் என்று 1973-ல் அப்டன், மெக்கோமாஸ் சொன்ன கருத்து இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. இரண்டும் வயதானவர்களுக்கு சகஜமாக வருபவை, தற்செயலாகச் சேர்ந்திருக்கலாம் என்பவர்கள் பக்கமே நான் சாய்கிறேன். நரம்பு மின்பரிசோதனை மணிக்கட்டு அழுத்தத்தைக் காட்டிக்கொடுக்கும். தண்டுவடம் மட்டும் அழுந்தியிருந்தால் அது சரியாகவே வந்துவிடலாம், அதனால் அது சரியாக இருப்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடம் அதை எடுத்தால் பி12 குறைய வாய்ப்புண்டு. பி12 குறைந்தாலும் தண்டுவடத்தின் அதே பின்பகுதி பாதிக்கப்பட்டு, அதே மாதிரி கை மதமதப்பும் தள்ளாட்டமும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம், விட்டுவிடக் கூடாது. கை மெலிகிறது, தசை துடிக்கிறது, உணர்ச்சியோ கொஞ்சமும் குறையவில்லை என்றால் அது வேறு வகையான நோயாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்கேனில் இருப்பதெல்லாம் நோயும் அல்ல. எந்தத் தொந்தரவும் இல்லாத வயதானவர்களை வரிசையாக நிறுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால், கணிசமானவர்களுக்குத் தண்டுவடத்தை ஏதோ ஒன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அவர்கள் எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. 2017-ல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதலும் அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நிறைய ரிப்போர்ட்களில் வருகிற, தண்டுவடத்துக்குள் வெண்மையாகத் தெரியும் மாற்றமும் தனியாக ஒரு தீர்ப்பு அல்ல. அது வீக்கமாகவும் இருக்கலாம், நிரந்தர வடுவாகவும் இருக்கலாம். இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் கறுப்பாகவும் தெரிந்தால் மீட்சி குறைவாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். 8 மில்லிமீட்டர் என்ற எண் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைப்பது சட்டைப் பொத்தான்.

காரணம் இருக்கிறது. இந்த நோயின் கடுமையை அளக்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் அளவுகோல் ஜப்பானில் பிறந்தது. அங்கே சாப்பிடும் குச்சிகளை வைத்துக் கையை அளந்தார்கள். பிற நாடுகளுக்காகத் திருத்தியபோது ஸ்பூனும் பொத்தானும் வந்தன. மொத்தம் 18 புள்ளி, அதில் கைக்கு 5. பொத்தான் போடக் கொஞ்சம் சிரமம் என்றால் 4, மிகவும் சிரமப்பட்டுப் போடுகிறார் என்றால் 3, பொத்தான் முடியாது ஆனால் ஸ்பூனால் சாப்பிடுகிறார் என்றால் 2. மிச்சம் கால், கையின் உணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு. மொத்தத்தில் 15 முதல் 17 வரை லேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11-ம் அதற்குக் கீழும் கடுமையானது. உங்கள் வர்ணனைப்படி அப்பாவுக்குக் கையில் மட்டும் 2 புள்ளி போயிருக்கும், உணர்ச்சியில் ஒன்று போனாலே 15. நடையிலும் ஒன்று குறைந்திருந்தால் அவர் நடுத்தரப் பிரிவுக்குள் வந்துவிடுகிறார். அந்தக் கோடு முக்கியம். அதே 2017 வழிகாட்டுதல், நடுத்தரமும் கடுமையானதும் என்றால் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. லேசானது என்றால் அறுவை சிகிச்சை, அல்லது மேற்பார்வையோடு பயிற்சி, இரண்டில் ஒன்று. பயிற்சியில் இருக்கும்போது மோசமானால் அறுவை சிகிச்சை.

ஆக, "பயிற்சி செய்து கொஞ்ச நாள் பார்க்கலாமா?" என்பதற்கு, பயிற்சி விற்றுப் பிழைக்கிற நானே சொல்கிறேன்: எந்தப் பயிற்சியாலும் கால்வாயில் ஒரு மில்லிமீட்டர் இடம்கூட உண்டாக்க முடியாது. கழுத்துத் தசையை வலுப்படுத்தலாம், விரல்களைப் பழக்கலாம், விழாமல் நடக்கப் பயிற்றுவிக்கலாம். அழுத்தம் அப்படியேதான் இருக்கும். கழுத்தைப் பிடித்து நெட்டி முறிப்பது, எடை கட்டி இழுப்பது, தலையைச் சுழற்றும் பயிற்சிகள் ஆகியவற்றை தண்டுவடம் அழுந்தியவருக்குச் செய்யவே கூடாது. வெகுநேரம் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்ளும் வேலைகளும் வேண்டாம். கழுத்துப் பட்டை நோயை நிறுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. காத்திருந்தால் என்ன ஆகும் என்பதில் யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை இல்லாமல் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், 3 முதல் 6 ஆண்டுகளில் 20 முதல் 62 சதவீதம் பேர் மோசமானார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு அகலமான இடைவெளியே கணிப்பு எவ்வளவு கடினம் என்று காட்டுகிறது. பலரிடம் அது படிப்படியாக இறங்கும். மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், பிறகு ஒரு படி கீழே போகும், அப்புறம் மறுபடி நிற்கும். நின்றிருக்கும் காலத்தைக் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் இருப்பதைக் காப்பாற்றுவது. அதற்கு மேல் கிடைப்பது லாபம், பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைக்கிறது. முன்பக்கமாகப் போய் டிஸ்கை எடுத்து எலும்புகளைச் சேர்ப்பதா, பின்பக்கமாகக் கால்வாயின் கூரையைத் திறப்பதா என்பது எத்தனை மட்டங்கள், கழுத்தின் வளைவு எப்படி என்பதைப் பொறுத்தது. இரண்டில் எதையும் செய்யக்கூடிய நோயாளிகளை வைத்து நடத்தி 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டு முடிவில் உடல் செயல்பாட்டு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதில் என் கருத்துக்கு மதிப்பில்லை, செய்யப்போகிறவரின் அனுபவத்துக்குத்தான் மதிப்பு. முன்பக்கம் என்றால் சில வாரம் விழுங்கச் சிரமம், குரல் கரகரப்பு வரலாம். எந்தப் பக்கம் என்றாலும் சிலருக்கு அடுத்த சில நாட்களில் ஒரு பக்கத் தோளைத் தூக்க முடியாமல் போகும், பெரும்பாலும் மாதங்களில் சரியாகிவிடும். இதை முன்பே சொல்லிவைக்காததால் பதறிப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். நரம்பைக் காக்கும் என்று எதிர்பார்த்த ரிலுசோல் என்ற மாத்திரையை அறுவை சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 6 மாத முடிவில் செயல்பாட்டில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

கையில் என்ன திரும்பும்? என் அனுபவத்தில், விறைப்பும் வேகமும் முதலில் தேறும். மூடித் திறக்கும் எண்ணிக்கை சில வாரங்களிலேயே ஏறும், வீடியோவில் தெரியும். பொத்தானுக்கு மாதங்கள் ஆகும். மதமதப்பு கடைசியாகத்தான் போகும், சிலருக்கு ஒரு பங்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் வந்துவிடும். எவ்வளவு காலம் அழுந்தியிருந்தது, அறுவை சிகிச்சைக்குப் போகும்போது கை எந்த நிலையில் இருந்தது, இந்த இரண்டும்தான் முடிவை அதிகம் தீர்மானிக்கின்றன. வயதுக்கும் புகைப்பழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பா புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு சேர்வதற்கும் அது கெடுதல்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, தண்டுவட அறுவை சிகிச்சை நிபுணரையோ நரம்பியல் மருத்துவரையோ சில வாரங்களுக்குள் பார்ப்பது. சிறுநீர் அடக்க முடியாமை அல்லது வராமல் போவது, நடை சில நாட்களிலேயே மோசமாவது, கீழே விழுந்த பிறகு கை பலமிழப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு. வேறு எதற்காகவாவது மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், கழுத்தில் குறுகல் இருப்பதை மயக்கவியல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மூச்சுக்குக் குழாய் போடும்போது கழுத்தை வளைப்பார்கள். வீட்டில் இரவு வெளிச்சம் வையுங்கள், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போடுங்கள். சூடான பாத்திரத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். சுடுவது அவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். பேனாவுக்குத் தடிமனான பிடி மாட்டிக் கொடுங்கள், சட்டைக்குப் பெரிய பொத்தான் தைத்துக் கொடுங்கள், ஆனால் மாதாந்திர வீடியோவுக்கு மட்டும் பழைய சட்டையையே எடுங்கள். பெரிய பொத்தானை வைத்து அளந்தால் கை தேறிவிட்டது போலத் தெரியும்.